கணினியில் விளையாடும் காலம் முடிந்துவிட்டதா?

5 ஜூலை 2025: ஒரு வாசகரின் கேள்வி

நின்டெண்டோவின் புதிய கன்சோல் (விளையாடுவதற்கென்றே செய்த பெட்டி) ஸ்விட்ச் 2, ஜூன் 5ஆம் தேதி வெளிவந்து, நான்கே நாளில் உலகெங்கும் 35 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. என் அலுவலகத்தில் விளையாடுபவர்கள் ஏழு பேர். ஏழு பேரிடமும் கன்சோல்தான். சிங்கப்பூரின் கணினிக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்ப் பாருங்கள், அந்தக் காலத்துக் கூட்டம் எங்கே? கணினி விளையாட்டு இன்னும் பத்து ஆண்டு தாங்காது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

5 ஜூலை, இரவு

மறுக்கிறேன். கணினி ஆட்டங்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரே நேரத்தில் இணைந்திருந்தோர் எண்ணிக்கை 2020 மார்ச்சில் 2 கோடியைத் தாண்டியது. 2022 அக்டோபரில் 3 கோடி. இந்த ஆண்டு மார்ச்சில் 4 கோடி. சாகக் கிடக்கிற ஒன்று ஐந்து ஆண்டில் இரு மடங்காகுமா?

6 ஜூலை

இந்தச் சாவுச் செய்தியை நான் கேட்பது இது முதல்முறை அல்ல. 2001இல், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, எக்ஸ்பாக்ஸ் வந்தது. கணினிக்கென்று அறிவிக்கப்பட்ட ஹேலோ என்ற ஆட்டத்தை, அதை உருவாக்கிய நிறுவனத்தோடு சேர்த்து மைக்ரோசாஃப்ட் 2000இலேயே வாங்கி, தன் கன்சோலுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. இனிமேல் கணினியில் கணக்குதான் போடலாம் என்றான் என் நண்பன்.

அதன்பிறகு ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்கும் நாங்கள் வாசலில் காத்து நின்றோம். ஜிடிஏ 5 கன்சோலுக்கு வந்தது 2013 செப்டம்பரில். கணினிக்கு 2015 ஏப்ரலில். பத்தொன்பது மாதம்! ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2க்கு ஓராண்டுக்கு மேல். காத்திருந்தோம், விளையாடினோம். யாரும் சாகவில்லை.

7 ஜூலை

ஒரு திருத்தம். 4 கோடி என்பது ஸ்டீமைத் திறந்து வைத்திருந்தவர்களின் கணக்கு. அவர்களில் ஆட்டத்துக்குள் இருப்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும். வளர்ச்சி வளர்ச்சிதான், ஆனால் அந்த எண்ணை அப்படியே தூக்கிக் காட்டியது நியாயமில்லை.

12 ஜூலை

சிம் லிம் கூட்டத்தைப் பற்றி அந்த வாசகர் எழுதியது ஒரு வாரமாக மனத்தை அரிக்கிறது. கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் எனக்குக் கண்ணில் நிற்பது சிம் லிம் அல்ல, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சிலிகி சாலையில் இருந்த பார்க்லேன் கட்டடத்து லேன் கடைகள், அதாவது ஒன்றோடொன்று இணைத்த கணினிகளில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடும் இடங்கள்.

1999, 2000, 2001. இரண்டு அணிகள் சுட்டுக்கொள்ளும் கவுன்டர் ஸ்டிரைக் ஆட்டத்தின் காலம். கதவைத் திறந்தால் குளிர்சாதனக் காற்றோடு உடனடி நூடுல்ஸ் வாசம் முகத்தில் அடிக்கும். எந்தக் கீபோர்டிலும் டபிள்யூ எழுத்து தேய்ந்து மறைந்திருக்கும், ஏனென்றால் முன்னால் ஓடுவதற்கு அந்த விசைதான். நாற்காலிக்கு அடியில் பைகள். பள்ளிச் சீருடையில் வருபவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், மாற்றுச் சட்டையைப் புத்தகங்களுக்கு நடுவே மடித்து வைத்துக்கொண்டு வரும் சிறுவர்களும் உண்டு.

நாங்கள் ஐந்து தமிழ்ப் பையன்கள் ஒரு வரிசை. எதிரணி அதே அறையில் நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் கத்தினால் அவர்களுக்கும் கேட்கும் என்பதால் தமிழில் கத்துவோம். 'மேலே ஒருவன்!' 'பின்னால் பார்!' 'இடப்பக்கம் போகாதே!' சில மாதங்கள் அது எங்களுக்குப் பெரிய பலமாக இருந்தது. பிறகு ஒருநாள், எதிரணியில் எப்போதும் வாய் திறக்காமல் விளையாடும் ஒரு சீனப் பையனை நான் பின்னாலிருந்து நெருங்கினேன். என் தோழன் 'பின்னால், பின்னால்' என்று என்னிடம் சொன்ன அதே நொடியில் அவன் திரும்பிச் சுட்டான். கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டிருக்கிறான். அன்று மாலை அவனை எங்களோடு உட்கார வைத்துக்கொண்டோம். இன்றும் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறான். 'பின்னால்' என்ற சொல்லை மட்டும் எந்தக் குறையுமில்லாமல் உச்சரிப்பான்.

அந்தக் கடைகளைக் கன்சோல் மூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வீடு அகலக்கற்றை இணையம் வந்தபிறகு மணிக்கு இவ்வளவு வெள்ளி கொடுத்து அங்கே போக வேண்டிய தேவை எங்களுக்கு இல்லாமல் போனது. நாங்கள்தான் போவதை நிறுத்தினோம்.

13 ஜூலை

ஹேலோ பற்றி ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. 1999 ஜூலையில் அந்த ஆட்டத்தை உலகுக்குக் காட்டியது மேக் கணினிக்கான மேடையில். நான் விண்டோஸை மட்டும் மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். கணினிதான் முதல் வீடு என்பதில் மாற்றமில்லை.

20 ஜூலை

'கன்சோலுக்கும் கணினிக்கும் உள்ளே என்ன வித்தியாசம்?' என்று கேட்டவருக்கு: இப்போது மிகக் குறைவு. 2001இன் எக்ஸ்பாக்ஸுக்குள் ஓடியதே இன்டெலின் பென்டியம் 3 வகைச் சில்லு, 733 மெகாஹெர்ட்ஸ். பிளேஸ்டேஷன் 3 வேறு இனம். அதன் செல் சில்லுக்கு எழுதிய ஆட்டத்தை வேறெங்கும் கொண்டுபோவது பெரும்பாடு. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது சோனி அந்த வழியை விட்டுவிட்டு, நம் கணினிகளில் இருக்கும் அதே குடும்பத்து ஏஎம்டி சில்லுக்கு வந்தது. அதன்பிறகு தடுப்புச் சுவர் மெலிந்துகொண்டே வருகிறது. ஹொரைசன் ஜீரோ டான் 2020இல் கணினிக்கு வந்தது, காட் ஆஃப் வார் 2022இல். 2024 பிப்ரவரியில் ஹெல்டைவர்ஸ் 2 இரண்டிலும் ஒரே நாளில் வந்தது. தன் கன்சோலை விற்பதற்கென்றே ஆட்டங்களைப் பூட்டி வைத்த சோனியே இப்போது ஸ்டீமில் கடை விரித்திருக்கிறது. விட்டுப்போகிற கூட்டத்தைத் தேடி எந்த வியாபாரியும் வரமாட்டான்.

9 ஆகஸ்ட்

நாட்டின் 60ஆவது பிறந்தநாள். ஈசூனில் அக்கா வீட்டில் இருக்கிறேன். அணிவகுப்பு முடிந்ததும் தொலைக்காட்சியில் ஸ்விட்சைப் பொருத்தினார்கள். நான்கு பேர் மரியோ கார்ட் ஓட்டுகிறார்கள், நான் கைபேசியில் இதை எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 71 வயது. பிளாஸ்டிக் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் உடம்பையும் சேர்த்து வளைக்கிறார். கடைசி இடம். மறுபடியும் போடச் சொல்கிறார்.

நான் பதினான்கு வயதிலிருந்து விளையாடுகிறேன். என்ன விளையாடுகிறேன் என்று அம்மா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் கணினி படுக்கையறைச் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும், விளையாடுபவன் முதுகு குடும்பத்தைப் பார்த்து இருக்கும். கன்சோல் கூடத்தில் இருக்கிறது. முதல் குறிப்பை எழுதியவருக்கு இந்த ஒன்றில் முழு மனத்தோடு விட்டுக்கொடுக்கிறேன்.

10 ஆகஸ்ட்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. இரவு அக்கா மகன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். உயர்நிலை 2 படிக்கிறான். "மாமா, என் கணினியில் ஏன் எதையும் ஏற்ற முடியவில்லை?" என்று கேட்டான். பள்ளி மூலம் வாங்கிய சாதனம் அது. 2021 முதல் இங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது. படிப்பதற்கென்று தந்ததைப் பள்ளி கட்டுப்படுத்தத்தான் செய்யும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்த கணினி அது ஒன்றுதான். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பேட்டரி" என்றான். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

அவன் வயதில், 1996இல், எனக்கு வேறு வழியே இல்லை. ஆட்டத்தை ஓட்டினால் படம் வரும், சத்தம் வராது. அமைப்புப் பக்கத்துக்குப் போய் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையைத் தேர்ந்து, முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். ஐந்து இல்லையென்றால் ஏழு. அதுவும் இல்லையென்றால் பெட்டியைத் திறந்து அட்டையில் இருக்கும் சின்ன இணைப்பு முள்ளை இடம் மாற்ற வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுதும் அப்படிப் போனது. மாலையில் முதல் துப்பாக்கிச் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

அந்த அட்டையை உலகத்துக்குக் கொடுத்தது இந்த ஊர்தான். சிம் வோங் ஹூ 1981இல் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. இசைக்கும் குரலுக்கும் வழி செய்ததோடு, அதே அட்டையில் ஜாய்ஸ்டிக் செருகவும் ஓர் இடம் வைத்தார்கள். விளையாடுபவன் யார் என்று தெரிந்து செய்த பொருள் அது. 'பீப்' என்று மட்டும் கத்திக்கொண்டிருந்த கணினிகளுக்குக் குரல் கொடுத்தது சிங்கப்பூர் என்று அக்கா மகனிடம் சொன்னேன். நம்பவில்லை. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் இறந்தபோது நான் பழைய அட்டையை எடுத்துத் துடைத்து வைத்தேன். அதை அடுத்த முறை கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

24 ஆகஸ்ட்

விலை. கன்சோல் வாங்குபவர்கள் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள், சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2014இல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் அட்டை, அதாவது திரைக்குப் படம் வரையும் பாகம், அமெரிக்காவில் 329 டாலர். இந்த ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 1,999 டாலர். இல்லை, இது சரியான ஒப்பீடு அல்ல. 970 நடுத்தர அட்டை, 5090 உச்சாணி. 2014 செப்டம்பரில் அதற்கு மேல்படியில் இருந்த 980ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 549 டாலர். அப்படிப் பார்த்தாலும் மூன்று மடங்குக்கு மேல்.

இடையில் மின்னிலக்க நாணயம் தோண்டியவர்கள் அட்டைகளை மொத்தமாக அள்ளிக்கொண்டார்கள். 2022 செப்டம்பர் 15இல் அந்த நாணயங்களில் ஒன்றான எத்தீரியம், அட்டைகளை வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டதும், தோண்டித் தேய்ந்த அட்டைகள் பழைய பொருள் சந்தையில் வந்து குவிந்தன. நானும் ஒன்று வாங்கினேன். பெருவிரைவு ரயில் நிலைய வாசலில் நின்று, ரொக்கம் கொடுத்து. 'வீட்டில் மகன் விளையாடியது' என்றார் விற்றவர். மூன்றாம் வாரம் திரையில் பச்சைக் கோடுகள், நான்காம் வாரம் இருட்டு. அவருடைய எண் அதற்குள் இயங்கவில்லை.

அதே சமயம், கன்சோல் மலிவு என்ற பழைய கணக்கும் உடைந்துவிட்டது. நாள் ஆக ஆகக் கன்சோல் விலை இறங்கும் என்பதுதான் வழக்கம். பிளேஸ்டேஷன் 5 2020இல் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது. மூன்று நாள் முன்பு, ஆகஸ்ட் 21 முதல், 549 டாலருக்கு மேல் என்று ஏற்றியிருக்கிறார்கள். ஐந்து வயதான பெட்டிக்கு!

5 செப்டம்பர்

நேற்றிரவு சரியாக 10 மணிக்கு ஹாலோ நைட் சில்க்சாங் வந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு கைக்குள் அடங்கும் சிறு குழு செய்த ஆட்டம். 20 அமெரிக்க டாலர். கணினி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம். ஸ்டீம் திணறியது, மற்றக் கடைகளும் திணறின. பன்னிரண்டு மணிக்குத்தான் எனக்குக் கிடைத்தது. 2014இல் கட்டிய என் பழைய பெட்டியில் ஒரு தடங்கலுமில்லாமல் ஓடுகிறது. கிராபிக்ஸ் அட்டை விலையைப் பார்த்துப் பயந்து கணினிப் பக்கமே வராதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் 24 குறிப்பில் நானே அந்தப் பயத்தை வளர்த்துவிட்டேனோ என்று தோன்றுகிறது.

18 அக்டோபர்

ஈசூனிலிருந்து நகருக்கு வரும் ரயிலில் இன்று எண்ணிப் பார்த்தேன். என் பெட்டியில் கண்ணுக்குத் தெரிந்த அளவில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் பதினொரு பேர். பதினொருவரும் கைபேசியில். கன்சோலா கணினியா என்று நாம் மூன்று மாதமாக வாதாடுகிறோம், பெருங்கூட்டம் மூன்றாவது இடத்தில் இருக்கிறது.

அந்தக் கைபேசி ஆட்டங்கள் எங்கிருந்து வந்தன? ஃப்ரீ ஃபயர், இங்கே தலைமையகம் வைத்திருக்கும் கரேனாவின் ஆட்டம், 2017இல் வந்தது. தீவில் இறங்கிக் கடைசி ஆளாக நிற்கும் அந்த வகை, அர்மா என்ற கணினி ஆட்டத்தை ஒரு ரசிகர் தன் விருப்பத்துக்கு மாற்றி எழுதியதிலிருந்து வளர்ந்தது. டோட்டா என்ற ஆட்டம், வார்கிராஃப்ட் 3 என்ற கணினி ஆட்டத்தில் ரசிகர்கள் வரைந்த ஒரு வரைபடமாகத் தொடங்கியது. நாங்கள் பார்க்லேனில் தொண்டை வறளக் கத்திய கவுன்டர் ஸ்டிரைக்கே ஹாஃப் லைஃப் என்ற ஆட்டத்தின் மேல் ரசிகர்கள் கட்டியதுதான். விற்றவன் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளாமல் பிரித்து, மாற்றி, நண்பனுக்குக் கொடுத்து விளையாடியவர்களால் பிறந்தவை இவை. பூட்டிய பெட்டியில் இவற்றில் ஒன்றுகூட முளைத்திருக்க முடியாது.

2022 அக்டோபரில் டோட்டாவின் உலகப் போட்டி இங்கே நடந்தது. உள்ளரங்கு விளையாட்டரங்கத்தில் இறுதிநாள் நான் இருந்தேன். டுன்ட்ரா அணி சீக்ரெட் அணியை 3-0 என்று வென்றது. ஆட்டம் ஒருதலைப்பட்சம். ஆனால் அரங்கத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தத்தை நான் மறக்கமாட்டேன்.  மேடையில் இருந்தவர்கள் ஆடியது கீபோர்டிலும் மவுஸிலும்.

13 நவம்பர்

காலையில் எழுந்ததும் பார்த்த செய்தி: ஸ்டீமை நடத்தும் வால்வ், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்கும் சின்னக் கனசதுரப் பெட்டி ஒன்றை அறிவித்திருக்கிறது. ஸ்டீம் மெஷின். அடுத்த ஆண்டு வருமாம். பார்வைக்குக் கன்சோல், உள்ளே லினக்ஸ் மேல் ஓடும் கணினி, வேண்டுமானால் அதில் வேறு எதையும் ஏற்றிக்கொள்ளலாம். போன மாதம் 16ஆம் தேதி எக்ஸ்பாக்ஸ் பெயர் போட்டு ஒரு கையடக்கக் கருவி வந்தது, அதற்குள் ஓடுவது விண்டோஸ். கணினி கூடத்துக்கு வருகிறது, கன்சோல் கணினியாகிறது.

இதைப் படித்துவிட்டு ஜூலை 5இல் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். 2 கோடி, 3 கோடி, 4 கோடி. எண்ணிக்கைக்காகவா நான் இத்தனை சூடாக வாதாடினேன்? கணினி விளையாட்டு வளர்கிறது, அதில் எனக்கு ஐயமில்லை. எனக்கு வலிப்பது வேறு. மூடியைத் திறக்கும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். விளையாடும் ஆசையில்தான் நான் பெட்டியைத் திறந்தேன், திறந்ததால்தான் இன்று செய்யும் வேலைக்கு வந்தேன். என் அக்கா மகனுக்கு ஆசை இருக்கிறது, திறக்க ஒன்றுமில்லை. கன்சோல், பள்ளிச் சாதனம், கைபேசி, மூன்றுமே ஒட்டி மூடியவை.

டிசம்பர் விடுமுறையில் அவனோடு ஒன்று கட்டப் போகிறேன்.

6 டிசம்பர்

கெட்ட நேரம் பார்த்திருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளுவதால் ராம் விலை இரண்டு மாதமாகத் தாறுமாறாக ஏறியிருக்கிறது. மூன்று நாள் முன்பு, 3ஆம் தேதி, அந்தச் சில்லுகளைச் செய்யும் மைக்ரான், கடைகளில் ராம் விற்கும் தன் குருஷியல் வணிகத்தைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. அடுத்த பிப்ரவரிக்குப் பிறகு நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பெயரில் ராம் வராது. என் முதல் பெட்டிகளில் பாதி அந்த ராமில் ஓடியவை.

இன்று இருவரும் சிம் லிமுக்குப் போனோம். அந்தக் காலத்தில் கடைகடையாக ஏறி இறங்கி விலைப்பட்டியல் தாள்களை வாங்கி, ஆறு தாளையும் உணவங்காடி மேசையில் விரித்து, எந்தக் கடையில் எது ஐந்து வெள்ளி குறைவு என்று பேனாவால் வட்டமிடுவோம். அவனுக்கும் ஒரு பேனா கொடுத்தேன். ராம் விலையைப் பார்த்ததும், "மாமா, இது மட்டும் உங்களிடம் பழையதாக இருக்கிறதா?" என்று கேட்டான். இருக்கிறது. 16 ஜிபி, டிடிஆர்4, அலுவலகத்தில் கழித்த ஒரு பெட்டியிலிருந்து அனுமதி கேட்டு வாங்கி வைத்தது. அதற்குப் பொருந்தும் பழைய மதர்போர்டாகத் தேடி எடுத்தோம். திரும்பும்போது கால்வாயைத் தாண்டித் தேக்காவில் புரோட்டா சாப்பிட்டோம். மதர்போர்டுப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தான், மேசையில் வைக்கவில்லை.

13 டிசம்பர், பிற்பகல்

கட்டி முடித்தோம். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு. எனக்குக் காரணம் தெரியும். ராமின் ஒரு முனை முழுதாக உட்காரவில்லை, தாழ்ப்பாள் ஒரு மயிரிழை வெளியே நிற்கிறது. சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மின்சாரத்தை அணைத்தான். ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தான். கிராபிக்ஸ் அட்டையைக் கழற்றிப் போட்டான். நாற்பது நிமிடம். பிறகு தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தான், கட்டைவிரலால் ராமின் முனையை அழுத்தினான். 'டக்'.

திரையில் எழுத்து வந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து சமையலறைக்கு ஓடி, பாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

14 டிசம்பர்

முதல் கேள்வியைக் கேட்ட வாசகரே என்னென்ன பாகம் என்று கேட்டிருக்கிறார், தன் மகளுக்காம். மகிழ்ச்சி. ஏஎம்டியின் பழைய ரைசன் சில்லு, அதற்குப் பொருந்தும் பி450 வகை மதர்போர்டு, மேலே சொன்ன ராம், சேமிப்புக்கு 1 டிபி எஸ்எஸ்டி, என் பழைய ஜிடிஎக்ஸ் 970. பெட்டியும் மின்வழங்கியும் என்னுடையவை. மின்வழங்கியை மட்டும் யாரிடமும் பழையதாக வாங்காதீர்கள், உங்களுடையதாகவே இருந்தாலொழிய. உங்கள் மகளோடு சிம் லிமுக்குப் போகும் நாள் சொன்னால் நானும் வருகிறேன்.

பெட்டியை அவன் அறையில் வைக்கவில்லை. கூடத்தில், ஸ்விட்சுக்குப் பக்கத்தில், அதே தொலைக்காட்சியில் செருகியிருக்கிறோம். பக்கத்து மூடியை இன்னும் திருகி மூடவில்லை. விசிறி சுற்றுவது தெரிய வேண்டும் என்கிறான். தூசி படியும் என்று அக்கா சத்தம் போடுகிறாள்.